சாரல் என்று நான் சொன்னது

என் ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் எடுத்துப் போடுவார்கள். ‘சாரல் நிற்கிற இடத்தில் என் ஓவியம் நிற்கிறது.’ நான் சொன்னதுதான். சென்னையில் ஒரு கண்காட்சியில் யாரோ கேட்டதற்குச் சட்டென்று வாயில் வந்தது. கேட்டவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் இது நல்ல வாக்கியம் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதன் பிறகு போன ஊர்களில் எல்லாம், அப்போதுதான் தோன்றியதுபோலக் கொஞ்சம் தயங்கி, மேலே பார்த்துவிட்டுச் சொல்வேன்.

அது பொய். அதை இப்போது எழுதிவிடப் போகிறேன்.

நான் அரூப ஓவியன். மலை, மரம், மனிதர் என்று எதையும் வரைவதில்லை. துணியில் வண்ணங்களை அடுக்கடுக்காகப் பூசி, காய்வதற்கு முன் மொட்டைமாடியில் சாய்த்து வைத்துச் சாரலில் நனையவிடுவேன். சாரல் வண்ணத்தைக் கரைத்து இறக்கும். நின்றதும் துணியை உள்ளே எடுத்துவிடுவேன். அதற்குமேல் தூரிகை வைக்கமாட்டேன். இதுதான் என் முறை என்று எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். முதல் சில ஓவியங்கள் அப்படி உண்டானவைதான். மற்ற அத்தனையிலும் விழுந்தது, வயலில் பூச்சிமருந்து அடிக்கும் கை ஸ்பிரேயரின் தண்ணீர். அதை முதுகில் சுமந்து அடித்தவள் என் மனைவி. எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தவளும் அவள்தான்.

இந்த வருடம் சென்னையில் என் வாழ்நாள் ஓவியங்களை எல்லாம் ஒன்றாக வைத்து ஒரு கண்காட்சி நடத்துகிறார்கள். அதை ஒருங்கிணைக்கும் பெண் போன மாசியில் இலஞ்சிக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நிறையப் படித்தவள். “சார், புத்தகத்துக்கு உங்க கையால ஒரு கட்டுரை வேணும். உங்களை உருவாக்கினது எது எதுன்னு. அப்புறம் ஆனியில நாங்க கேமராவோட வர்றோம். சாரல் அடிக்கும்போது நீங்க வேலை செய்யறதைப் படம் எடுக்கணும்” என்றாள். சரி என்று தலையாட்டினேன். அவள் கார் ஏறிப் போன பிறகு மாடிக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எண்பது நெருங்குகிறது. இது கடைசிப் புத்தகம். இதில் பொய் அச்சானால் பிறகு அதுவே உண்மை. மனைவிக்கு என்னைவிட மூன்று வயதுதான் குறைவு. இரண்டு பேரும் இருக்கும்போதே சரி செய்தாக வேண்டும் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். தீர்மானித்தது சுலபம். அவள் சம்மதிப்பாளா என்று நான் யோசிக்கவே இல்லை.

என்னை உருவாக்கியது எது என்ற கேள்விக்கு நான் ஆளுக்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறேன். டெல்லிக்காரர்களிடம் எங்கள் குற்றாலத்துச் சித்திர சபையைச் சொன்னேன். கூத்தனைச் சிலையாக வைக்காமல் சுவரில் ஓவியமாகவே வைத்துக் கும்பிடுகிற இடம். அங்கே பிறந்தவன் ஓவியனாகாமல் வேறு என்ன ஆவான் என்று கேட்டேன். சின்ன வயதில் அங்கே போனது உண்டு. கூட்டத்தில் செருப்பு தொலையாமல் பார்த்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது. சுவர் நினைவில் இல்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் சீனத்து மை ஓவியம் என்றேன். தமிழ்ப் பத்திரிகை கேட்டபோது குறிஞ்சித் திணை என்றேன். ஒவ்வொரு பதிலும் கேட்டவருக்குப் பிடித்திருந்தது.

உண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தபோது நூலகத்தில் வெளிநாட்டு நவீன ஓவியங்கள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. மாணவர்கள் புரட்டிப் புரட்டி அட்டை பிய்ந்துபோன புத்தகம். அதில் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருந்தன. கீழே ‘சிவப்பும் ஊதாவும்’ என்று எழுதியிருக்கும், மேலே சாம்பல் நிறத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். எது சிவப்பு, எது ஊதா என்று எனக்கும் என் அறைத்தோழனுக்கும் சண்டை வரும். அரூப ஓவியத்தின் நிறத்தை நான் படித்துக்கொண்டது அப்படித்தான். ஒரு உருவமும் இல்லாமல், பெயரும் இரண்டு சாம்பல் திட்டும் மட்டும் இருந்துகொண்டு, பார்க்கிறவனை இத்தனை நேரம் பிடித்து வைக்கலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எங்கள் ஆசிரியர்கள் அப்போது கோட்டில் வரைவதைப் பெரிதாக நினைத்தார்கள். எனக்குக் கோடு வராது. அதையும் சொல்லிவிடுகிறேன். கோடு வராததும் ஒரு காரணம்.

படிப்பு முடிந்து தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்தேன். மாங்காய், பானை, கொடி பறக்கும் கட்டடம். அதே சமயத்தில் கல்யாணமும் ஆயிற்று. மனைவி இன்னொரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் நிஜமான சம்பளம் அவளுடையது. டிராயிங் மாஸ்டரின் பீரியடை எப்போதும் அறிவியல் வாத்தியார் வாங்கிக்கொள்வார் என்பதால் எனக்கு நேரம் நிறைய இருந்தது. இலஞ்சி வீட்டு மாடியில் ஓடு போட்ட ஒரு கொட்டகை கட்டிக்கொண்டு அங்கே வேலை செய்தேன். நல்ல வண்ணம் வாங்க வசதி இல்லை. சுவருக்கு அடிக்கும் டிஸ்டெம்பர் பொடியை வேப்பம்பிசினில் குழைத்துப் பூசினேன்.

ஒரு ஆனி மாதம் அப்படிப் பூசிய துணி ஒன்றைக் காய்வதற்காக மாடியில் வைத்துவிட்டு, ஐந்தருவிக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டேன். வழியிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. எங்கள் சாரலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பெய்யும் மழையின் மிச்சம், செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு வந்து இந்தப் பக்கம் தூவும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூவும். நனைந்தோமா இல்லையா என்று சட்டையைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குளித்துவிட்டுத் திரும்பி மாடிக்கு வந்து பார்த்தால், அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பொடிப்பொடியாக, அந்தத் துணியில் விழுந்து கிடந்தது. பச்சை, காவி மேல் இறங்கியிருந்தது. காவி நடுவில் நின்றுவிட்டது. ஓரத்தில் புள்ளிகள். மழைக்காலம் முடிந்தபின் குற்றாலத்து லாட்ஜ் சுவர்களில் பாசியும் சுண்ணாம்பும் ஒன்றாக வழிந்து நிற்குமே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சுவர்களை நான் வருடக்கணக்காகப் பார்த்து வந்திருக்கிறேன். என்னை உருவாக்கியது எது என்று உண்மையாகக் கேட்டால், அவைதான். ஆனால் லாட்ஜ் சுவர் என்று யாரிடமும் சொன்னதில்லை. சித்திர சபை என்றால் மரியாதையாக இருந்தது.

சாரலில் நனைந்த அந்த முதல் சில துணிகள் சென்னைக்கு ஒரு கூட்டுக் கண்காட்சிக்குப் போயின. பத்திரிகையில் என்னைச் ‘சாரல் ஓவியர்’ என்று எழுதினார்கள். அடுத்த வருடமே தனிக் கண்காட்சி நடத்தலாம் என்றார்கள். ஒப்புக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பும் எடுத்துவிட்டேன்.

அந்த வருடம் சாரல் வரவில்லை.

சாரல் பொய்த்தால் குற்றாலம் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். மெயினருவியில் பாறை காய்ந்து வெளுத்துக் கிடந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சீட்டாடினார்கள். நான் தினமும் மாடியில் நின்று பண்பொழிப் பக்கம் மேகம் இறங்குகிறதா என்று பார்த்தேன். ஆனி போயிற்று, ஆடி போயிற்று. கொட்டகையில் வெறும் துணிகள் நின்றன. வாளித் தண்ணீரைக் கையால் தெளித்தேன். விளக்குமாற்றை நனைத்து உதறினேன். எல்லாம் வாசல் தெளித்த மாதிரி இருந்தது.

கீழே வயலில் என் அண்ணன் மருந்தடித்துக்கொண்டிருந்தான். எங்கள் குடும்பத்து நெல் வயல் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அவன்தான் பயிர் செய்துவந்தான். காற்று அவன் அடித்த புகை போன்ற தூறலைச் சாய்த்து, கதிர்மேல் படிய வைத்ததைப் பார்த்தேன். இறங்கி ஓடிப்போய் ஸ்பிரேயரைக் கேட்டேன்.

“எதுக்குலே?”

“படத்துக்கு.”

“படத்துக்கா? ஏலே, உன் துணியில பூச்சி விழுந்துட்டா? சொல்லியிருந்தா மருந்தும் சேத்துத் தாரேனே.”

கேலி செய்தாலும் கொடுத்தான். அந்த ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு, இடது கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டே வலது கையால் குழாயைப் பிடிக்க வேண்டும். நான் அடித்தால் கிட்டே நின்று பார்க்க வேண்டியிருந்தது. கிட்டே நின்றால் ஓவியம் தெரியாது. தள்ளி நின்று சொல்ல வேண்டும், வேறு யாராவது அடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பள்ளி விட்டு வந்த மனைவி மாடிக்குக் காப்பி கொண்டுவந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகச் சொல்லி, ஸ்பிரேயர் பெட்டியை அவள் முதுகில் மாட்டிவிட்டேன்.

முதலில் நான் சொல்லச் சொல்ல அடித்தாள். இடது, மேலே, இன்னும் மேலே. சில நாட்களில் நான் சொல்வதை அவள் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். நான் இடது என்னும்போது அவள் வலது பக்கம் அடித்துக்கொண்டிருப்பாள். அதுதான் சரியாக இருந்தது. பிறகு ஒரு கட்டத்தில், “போதும்” என்பாள். குழாயைத் தாழ்த்திவிடுவாள்.

“தோளு வலிக்கா?” என்று கேட்பேன்.

பதில் வராது. பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கிப் போவாள். அந்த மௌனத்தை ஆம் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடங்களும் அப்படியே எடுத்துக்கொண்டேன். அதில் எனக்கு வசதி இருந்தது. அவள் பார்த்து நிறுத்தினாள் என்றால் அது அவளுடைய ஓவியம். தோள் வலித்து நிறுத்தினாள் என்றால் அது சாரல் நிற்பதுபோலத்தான். யாருடைய எண்ணமும் இல்லாமல் நிற்பது. அந்த வாக்கியம் எனக்குள் பிறந்தது இந்த இடத்தில்தான்.

கண்காட்சி நன்றாக நடந்தது. பெட்டியை எத்தனை கழுவியும் மருந்து வாடை முழுதாகப் போகவில்லை. ஒரு கனவான் ஓவியத்தின் அருகே குனிந்து, மூச்சை ஆழமாக இழுத்து, “பொதிகை மலை மூலிகை வாசம் இன்னும் இருக்கு” என்றார். நான் மறுக்கவில்லை. ‘ஆமாம், அந்தத் தண்ணீர் அப்படி’ என்றேன். மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். இருமுவதுபோல முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஊருக்குத் திரும்பும் ரயிலில் விருதுநகர் வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போது அது எங்கள் இருவருடைய குறும்பாக இருந்தது. எப்போது என் பொய்யாக மட்டும் ஆனது என்று தெரியவில்லை.

எங்கள் ஊரை ஏய்க்க முடியாது. ‘இந்தப் பருவத்துச் சாரலில் உருவான ஓவியங்கள்’ என்று பத்திரிகையில் படத்தோடு வந்ததும், காலி லாட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் ஒருவர் தென்காசி பஸ் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, ஒங்க மாடியில மட்டும் சாரல் அடிக்காமே?”

“ஏதோ கொஞ்சம்.”

“அதக் கொஞ்சம் நம்ம லாட்ஜ் பக்கமும் திருப்பி விடுங்க. புண்ணியமாப் போவும். ரூம்ல ஈ கூட இல்ல.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டு பஸ் ஏறினேன். அன்றே சொல்லியிருக்கலாம். ஒரு கேலியோடு முடிந்திருக்கும்.

அடுத்த வருடம் சாரல் வந்தது. நல்ல சாரல். துணியை வெளியே வைத்தேன். சாரல் பாட்டுக்குப் பெய்தது. எதை எங்கே இறக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. இரண்டு துணிகளைக் கெடுத்த பிறகு, சாரல் அடித்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகைக்குள் வந்து மனைவியைக் கூப்பிட்டேன். அதன் பிறகு ஒரு துணியைக்கூட நான் வெளியே வைத்ததில்லை.

ஒரே ஒரு முறை அவள் ‘போதும்’ என்ற பிறகு நான் கேட்கவில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் கூடத்துக்காகச் செய்த பெரிய துணி அது. எனக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்று தோன்றியது. பெட்டியை அவள் தோளிலிருந்து பிடுங்காத குறையாகக் கழற்றி என் முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தேன். நாலு நிறமும் ஒன்றாகக் கலந்து சேறாகிக் கீழே வழிந்தது. ஹோட்டலுக்குத் தொலைபேசியில், ‘பெருமழை பிடித்துப் படத்தைக் கெடுத்துவிட்டது, இன்னும் ஒரு மாதம் கொடுங்கள்’ என்றேன். அந்த வருடம் குற்றாலத்தில் கால் நனைக்கத் தண்ணீர் கிடையாது. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் வலியால் நிறுத்துகிறவள் அல்ல என்று. தெரிந்தும் தெரியாததுபோல இருந்துகொண்டேன். நான் செய்த தவறு எது என்று கேட்டால் இதைச் சொல்வேன். ஸ்பிரேயர் ஒரு கருவி. கருவியில் தவறு இல்லை.

போன மாசியில் தீர்மானித்த அன்று மாலையே அவளிடம் சொன்னேன். செய்தித்தாளில் வரும் சுடோகு எண்கட்டப் புதிரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏளா, இந்தத் தடவ உண்மைய எழுதப் போறேன்.”

“எந்த உண்மைய?”

“ஸ்பிரேயர. நீ அடிச்சத.”

அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. “எழுதி?”

“எல்லாரும் தெரிஞ்சுக்கிடட்டும்.”

“இத்தன வருசம் என்னைய மழையாக்கி வச்சிருந்திய. இப்பம் ஓவியராக்கணுமாக்கும்? எனக்கு ரெண்டும் வேண்டாம். சவத்த விடுங்க.”

நான் விடவில்லை. மறுநாளும் பேசினேன். அதற்கு மறுநாளும் பேசினேன். கடைசியில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒங்க மனசு லேசாகணும்னா கோயிலுக்குப் போயி முருகன்ட்ட சொல்லுங்க. எதுக்கு என் தலையில எறக்குதிய? நாளைக்கு அந்தப் பிள்ள வந்து, ‘அம்மா, அந்த ஸ்பிரேயரக் கொஞ்சம் மாட்டிக்கிட்டு நில்லுங்க’ம்பா. போட்டோ எடுப்பாவ. நான் வகுப்புக்கு நாப்பது பிள்ளையளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்குடுத்தவ. வயசான காலத்துல ஸ்பிரேயரோட பேப்பர்ல வரணுமா?”

நான் கொடுக்கிறேன் என்று நினைத்தது அவளுக்கு இன்னொரு சுமையாக இருந்தது. முன்னே பெட்டியை மாட்டிவிட்டேன், இப்போது என் குற்றத்தை மாட்டிவிடப் பார்க்கிறேன். அது நியாயமில்லை. ஆனால் பேசாமல் விட்டுவிடுவதும் இனி முடியாது. “சரி, நீ வராண்டாம். ஆனா நான் எழுதாம இருக்க மாட்டேன். எப்பிடின்னு நீயே சொல்லு” என்றேன். அவள் புதிரில் ஒரு எண்ணை அடித்துவிட்டு வேறு எண் போட்டாள்.

பங்குனி, சித்திரை இரண்டும் போய்விட்டன. வைகாசியில் ஒருநாள் மாம்பழம் நறுக்கிக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள்.

“கேமரா வரட்டும். பெட்டிய நீங்க மாட்டிக்கிடுங்க. ஒரு படம் முழுசா நீங்களே அடிங்க. நான் நாற்காலியில இருந்து போதும்னு சொல்லுதேன். நான் சொல்லுற வரைக்கும் நிறுத்தக்கூடாது. அப்புறம் நீங்க என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். மாட்டிப் பாருங்க.”

ஆனி மாதம் அவர்கள் வந்த அன்று, எப்போதும் இல்லாத அழகான சாரல். மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. வெயிலும் இருந்தது. கேமராக்காரர் பாலிதீன் உறையை மாட்டிக்கொண்டு மாடியில் குழந்தைபோல ஓடிக்கொண்டிருந்தார். ஒருங்கிணைக்கும் பெண், “சார், உங்களுக்காகவே வந்திருக்கு. எங்கே வைக்கிறீங்க துணியை?” என்றாள்.

“உள்ளே” என்றேன்.

“சார்?”

கொட்டகைக்குள் கூட்டிப்போனேன். வண்ணம் பூசிய துணி ஓட்டின் கீழ் சாய்ந்து நின்றது. பக்கத்தில் ஸ்பிரேயர். அண்ணன் காலமாகிப் பல வருடம் ஆயிற்று; பெட்டி இருக்கிறது, வாஷர் மட்டும் மாற்றியது. மனைவி ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னாலேயே, கேமராவைப் பார்த்து, மேலே சொன்னது அத்தனையையும் சொன்னேன். சாரல் பொய்த்த வருடம், பொதிகை மூலிகை வாசம், ஹோட்டல்காரர்களிடம் சொன்ன பெருமழை எல்லாவற்றையும்.

“சார், புத்தகத்தோட பேரே ‘சாரல்’னு அச்சுக்குப் போகப் போகுது” என்றாள் அந்தப் பெண். முகம் வெளுத்துவிட்டது. “வாங்கினவங்க எல்லாம் என்ன சொல்வாங்க? இதைக் கொஞ்சம் மென்மையா, ஒரு வரியில சொல்லிடலாமே. ‘மனைவியின் உதவியோடு’ன்னு.”

“உதவி இல்ல. நான் எழுதற பக்கங்கள் முழுசாப் புத்தகத்துல வரணும். வரலேன்னா இந்தக் கொட்டகையில இருந்து ஒரு படமும் வெளிய போகாது. வாங்கினவங்களுக்கு நான் ஒவ்வொருத்தரா சொல்லிக்கிடுதேன்.”

அவள் என் மனைவியைப் பார்த்தாள். மனைவி, “அவிய அப்பிடித்தாம்மா. நீ உக்காரு” என்றாள்.

பெட்டியைத் தூக்கி மாட்டினேன். நிறைந்த தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்ததும் கால் தடுமாறியது. வார் தோள் எலும்பில் உட்கார்ந்தது. மூடி ஒழுகி, முதுகில் குளிர்ந்து வழிந்தது. நெம்புகோலை அடிக்க ஆரம்பித்தேன். முதலில் உற்சாகமாகத்தான் இருந்தது. பச்சை அசைந்தது. நீலம் மெல்ல இறங்கத் தொடங்கியது. எனக்கு மூச்சு வாங்கியது. இடது தோளில் யாரோ ஆணி வைத்து அழுத்துவதுபோல ஒரு இடம் எரிய ஆரம்பித்தது. நிறுத்தலாம், இது போதுமான ஓவியம்தான், இதைவிடச் சுமாரானவற்றுக்கெல்லாம் பாராட்டு வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தேன். திரும்பி அவளைப் பார்த்தேன்.

“என்ன?” என்றாள்.

“போதுமா?”

“தோளு வலிக்கா?”

எத்தனையோ தடவை நான் கேட்டது. அவள் குரலில் கேலி இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“ஆமா.”

“இன்னும் கொஞ்சம். வலது மூலையில பச்ச இன்னும் எறங்கல. கைய மாத்தாதிய.”

அடித்தேன். எரிச்சல் கழுத்துக்கு ஏறியது. நெம்புகோலைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை. ஓவியம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அப்போதுதான் விளங்கியது. இப்படி எரிந்துகொண்டிருக்கும்போதுதான் அவள் பார்த்திருக்கிறாள். என்னால் நிற்கக்கூட முடியாத இந்த வலியில் நின்று, எந்த நிறம் எங்கே இறங்க வேண்டும் என்று பார்த்து, அது இறங்கும் வரைக்கும் அடித்து, அதற்குப் பிறகு நிறுத்தியிருக்கிறாள். வலி வந்தவுடன் நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு ஓவியம்கூட இருந்திருக்காது. நான் தள்ளி நின்று பார்த்தேன் என்பது எவ்வளவு சுகமான வேலை.

“கொஞ்சம் கீழ… ம். போதும்.”

குழாயைத் தாழ்த்தினேன். பெட்டியைக் கழற்ற அந்தப் பெண் உதவினாள். துணியை நிமிர்ந்து பார்த்தேன். வலது மூலையில் பச்சை, காவி வரைக்கும் வந்து அதைத் தொடாமல் நின்றிருந்தது. அந்தச் சின்ன இடைவெளியை நான் வைத்திருக்கமாட்டேன். வைக்க எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் துணியின் வலது மூலைக்கு அருகே குனிந்து பார்த்தாள். பிறகு மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “அம்மா, போதும்னு எப்படித் தெரியுது உங்களுக்கு?”

“கணக்குல விடை வந்துட்டுன்னா அடியில கோடு போட்டு நிறுத்தணும். இவிய அதுக்கு மேலயும் எழுதுவாவ.”

கேமராக்காரர்தான் முதலில் சிரித்தார்.

புத்தகத்தின் பெயரை மாற்றுகிறார்கள். இந்தப் பக்கங்கள் முழுதாக வருகின்றன. வரும் என்று அந்தப் பெண் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஓவியங்களை லாரியில் ஏற்ற விட்டேன். கண்காட்சியில் ஒவ்வொரு ஓவியத்தின் அடியிலும் இருக்கும் அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். அவள் பெயருக்குக் கீழே ‘ஓவியரின் மனைவி’ என்று முதலில் எழுதியிருந்தார்கள். அதை அவள் அடித்துவிட்டு ‘கணித ஆசிரியை’ என்று எழுதினாள். இந்தக் கட்டுரையில் தன் பெயரைப் போட மட்டும் அவள் சம்மதிக்கவில்லை. ‘அட்டையில இருக்குல்லா, அது போதும்’ என்றாள். அவள் போதும் என்றால் போதும். என்னிடம் ஓவியம் வாங்கியவர்களுக்குத் தொலைபேசி செய்ய ஆரம்பித்திருக்கிறேன். ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். ஒருவர், ‘இதைத் தெரிந்த பிறகு படம் இன்னும் பிடிக்கிறது’ என்றார். இரண்டு பேருக்கும் நான் மன்னிப்புத்தான் கேட்டேன். இன்னும் பலர் இருக்கிறார்கள். எல்லோரிடமும் பேசி முடிப்பேன்.

அன்றைக்கு அடித்த பிறகு என்னால் இடது கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. வாரக்கணக்கில் அப்படியே இருந்தது. நேற்றுக் காலையில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவளிடம் கேட்டேன், “ஒனக்கு இந்தத் தோளு வலி எப்பம் நின்னுச்சு?”

அவள் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். வலது கையால்தான் வைத்தாள். எல்லாவற்றையும் வலது கையால்தான் தூக்குகிறாள். எத்தனை வருடமாக அப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

“நின்னுச்சுன்னு யாரு சொன்னா?” என்றாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, “அதையும் எழுதிக்கிடுங்க” என்றாள்.

எழுதிவிட்டேன்.